பழைய ரோட்ஸ்டர் சைக்கிளுக்கு அந்தக் காலத்துப் பாகங்களைத் தேடிப் பிடிப்பது

வீட்டில் சாத்திக் கிடக்கும் தாத்தா காலத்துச் சைக்கிளை மறுபடி ஓட வைக்க நினைப்பவர்கள் பெரும்பாலும் முதலில் பெயிண்டரிடம்தான் போகிறார்கள். வண்டியின் வயதைச் சொல்லும் தடயங்களில் பாதி அங்கேயே சுரண்டப்பட்டுவிடும். அதற்குப் பிறகு இந்த வண்டிக்கு எந்த செயின் கேஸ், எந்த பெல் என்று கேட்டால் சொல்ல ஆளிருக்காது. வண்டி எது, எந்தக் காலத்தது என்று முதலில் முடிவு செய்யுங்கள். அடுத்து அளவெடுங்கள். அதன்பின் பாகம் தேடுங்கள். பெயிண்ட் கடைசி வேலை.

இங்கே சொல்வதெல்லாம் 1940-களிலிருந்து 1970-கள் வரை நம் ஊர்களில் ஓடிய, ரோட்ஸ்டர் எனப்படும் பெரிய சைக்கிளைப் பற்றியது: 28 அங்குலச் சக்கரம், கேபிளுக்குப் பதில் இரும்புக் கம்பியால் இயங்கும் ராட் பிரேக், தோல் சீட், பின்னால் கேரியர், பெரிய ஸ்டாண்டு.

வண்டி எது, எந்தக் காலம்

ஹேண்டிலுக்குக் கீழே முன் குழாயில் இருக்கும் பித்தளை அல்லது அலுமினிய பேட்ஜைப் பாருங்கள். அது இல்லாவிட்டால் பெடலோடு சேர்ந்த பல் சக்கரத்தைப் பாருங்கள். இங்கிலாந்து கம்பெனிகள் பல் சக்கரத்திலேயே தங்கள் சின்னத்தை வெட்டிவைத்தன. ராலியில் கொக்குத் தலை, ஹம்பரில் ஐந்து மனித உருவங்கள், ரட்ஜில் விரித்த கை, பி.எஸ்.ஏ.வில் அந்த மூன்று எழுத்துகளே. ஹம்பரை முன் ஃபோர்க்கை வைத்தும் கண்டுபிடிக்கலாம். மற்ற வண்டிகளில் பக்கத்துக்கு ஒரு குழாய் என்றால் அதில் பக்கத்துக்கு இரண்டு ஒல்லிக் குழாய்கள்.

பெயர் தெரிந்ததும் அடுத்த கேள்வி, வண்டி இங்கிலாந்தில் செய்ததா, இங்கே செய்ததா என்பது. ஹெர்குலிஸ் என்றால் பர்மிங்ஹாமில் செய்து கப்பலில் வந்ததாகவும் இருக்கலாம், அம்பத்தூரில் செய்ததாகவும் இருக்கலாம். முருகப்பா குழுமமும் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸும் சேர்ந்து 1949-இல் டி.ஐ. சைக்கிள்ஸைத் தொடங்கின. 1951 முதல் அம்பத்தூரிலிருந்து ஹெர்குலிஸ் வெளிவந்தது. பிலிப்ஸும் பி.எஸ்.ஏ.வும் பின்னால் சேர்ந்தன. ராலி, ஹம்பர், ரட்ஜ் பெயர்களில் இந்தியாவில் செய்தது வங்காளத்தின் ஆசன்சோலில் இருந்த சென்-ராலி. சோனிபட்டின் அட்லஸ் 1951-லும் லூதியானாவின் ஹீரோ சைக்கிள் 1956-லும் தொடங்கியவை. ஆகவே ‘தாத்தா 1948-இல் வாங்கிய ஹீரோ’ என்று வீட்டில் யாராவது சொன்னால், ஆண்டு தவறு அல்லது வண்டி மாறியிருக்கிறது.

யாழ்ப்பாணத்தில் இன்றும் கண்ணில் படும் பழைய ராலி (அங்கே றலி), ஹம்பர் வண்டிகளில் நேராக இங்கிலாந்திலிருந்து இறக்குமதியானவை நிறைய. அவற்றுக்குப் பாகம் தேடும்போது இந்திய அளவை நம்பிப் போகாதீர்கள்.

ஃபிரேம் நம்பர் சீட் குழாயின் மேல் மூட்டிலோ, பெடல் அச்சு இருக்கும் குழாயின் அடியிலோ குத்தப்பட்டிருக்கும். மண்ணெண்ணெய் தோய்த்த துணியால் துடைத்து, பக்கவாட்டில் டார்ச் அடித்துப் படம் எடுங்கள். உப்புத்தாள் போட வேண்டாம். எழுத்தின் ஓரம் மழுங்கினால் 3-ஐயும் 8-ஐயும் பிரித்துச் சொல்ல முடியாது. பின் சக்கரத்தில் ஸ்டர்மி-ஆர்ச்சர் மூன்று கியர் ஹப் இருந்தால் வேலை சுலபம். இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய ஹப்களின் உடலிலேயே ஆண்டும் மாதமும் குத்தியிருக்கும். ‘ஏ.டபிள்யூ 56 7’ என்றால் 1956 ஜூலை. ஹப் பின்னால் மாற்றப்பட்டதாகவும் இருக்கலாம் என்பதால் இதை மட்டுமே சாட்சியாகக் கொள்ளக் கூடாது.

வண்டியோடு வந்த சின்னச் சாமான்களைக் கழற்றி எறியாதீர்கள். பஞ்சாயத்தோ நகராட்சியோ கொடுத்த வரி வில்லை ஹேண்டிலிலோ அச்சிலோ தொங்கிக்கொண்டிருக்கும். அதில் ஆண்டு இருக்கும். அது வண்டி வாங்கிய ஆண்டாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் வண்டி அதற்கு முன்பே இருந்தது என்பது உறுதி.

கழற்றுவதற்கு முன்

இரண்டு பக்கமும், மேலிருந்தும், ஒவ்வொரு மூட்டுக்கும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ராட் பிரேக்கின் கம்பிகள் எந்த கிளிப்பின் வழியாக எந்தப் பக்கம் போகின்றன என்பதை மட்டும் பத்துப் படமாவது எடுங்கள். திரும்பப் பூட்டும்போது எல்லோரும் மாட்டிக்கொள்ளும் இடம் அதுதான்.

கழற்றும் நட்டு, போல்ட், வாஷர் எல்லாவற்றையும் தனித்தனிப் பையில் போட்டு எங்கிருந்து வந்தது என்று எழுதிவையுங்கள். துருப்பிடித்துப் பயனில்லை என்று தோன்றும் துண்டும் கடைக்காரரிடம் காட்டும் மாதிரியாக உதவும். ராலி தன் நட்டு, போல்ட் தலையிலேயே முத்திரை குத்தி அனுப்பியது. அவற்றைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புது மெட்ரிக் போல்ட் மாட்டினால், விஷயம் தெரிந்தவர் இரண்டடி தள்ளி நின்றே கண்டுபிடித்துவிடுவார்.

பெடலைத் தாங்கும் கிராங்கை அச்சோடு பூட்டும் ஆப்புதான் காட்டர் பின். அதைக் கழற்றும்போதுதான் நல்ல கிராங்குகள் வீணாகின்றன. கிராங்குக்குக் கீழே, பின்னின் தலை உள்ளே இறங்க இடம் விட்டு, ஒரு கனமான இரும்புக் குழாயைத் தரையிலிருந்து முட்டுக் கொடுங்கள். நட்டை முனை வரை தளர்த்தி, மரையின் நுனியோடு சமமாக நிறுத்தி, ஒரே கனமான அடியாக அடியுங்கள். முட்டு இல்லாமல் சின்னச் சுத்தியால் பத்து அடி அடித்தால் பின் காளானாக விரிந்துவிடும், பெடல் அச்சின் கிண்ணத்திலும் (குண்டுகள் உருளும் கப், கடையில் ‘பிபி கப்பு’) பள்ளம் விழும். முந்தின இரவே எண்ணெய் விட்டு ஊற வைத்திருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

பெடல் அச்சின் கிண்ணங்களில் செயின் பக்கத்துக் கிண்ணத்துக்கு எதிர் மரை. அதைக் கழற்ற வலது பக்கமாகத் திருப்ப வேண்டும். இடது பெடலுக்கும் அப்படியே எதிர் மரை.

அளவுச் சீட்டு

பாகம் தேடிக் கிளம்பும் முன் ஒரு அட்டையில் அளவுகளை எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். ‘ராலி கப் வேண்டும்’ என்று கேட்பவருக்குக் கிடைப்பது ராலி என்று எழுதிய டப்பாவில் இருக்கும் ஏதோ ஒரு கப். அங்குலத்துக்கு எத்தனை மரை என்பதையும் சேர்த்துக் கேட்டால் பேச்சே வேறு மாதிரி போகும்:

“அண்ணே, பிபி கப்பு, 26 மரை இருக்குமா?”

“26-ஆ? எல்லாம் 24 தாம்பா வருது. வண்டி எது, பழைய ராலியா? இரு, மேல பரண்ல பாக்கறேன்.”

அந்தப் பரணில்தான் சரக்கு இருக்கிறது.

நாட்டிங்ஹாமில் செய்த ராலிக்கும், ராலி வாங்கிய பிறகு வந்த ஹம்பர், ரட்ஜ் வண்டிகளுக்கும் (ஹம்பரை 1932-லும் ரட்ஜை 1943-லும் ராலி வாங்கியது) பெடல் அச்சுக் கிண்ணத்திலும் ஹேண்டில் கப்பிலும் அங்குலத்துக்கு 26 மரை. மற்ற ஆங்கிலேய வண்டிகளுக்குப் பொதுவாக 24. இரண்டும் கண்ணுக்கு ஒன்று போலத்தான் இருக்கும். 24 மரைக் கிண்ணத்தை 26 மரைக் குழாயில் வைத்துத் திருப்பினால் இரண்டு சுற்று உள்ளே போய் இறுகும். ‘துருப் போலிருக்கிறது’ என்று பெரிய ஸ்பேனரால் திருப்பினால் ஃபிரேமின் மரையே போய்விடும். அதைச் சரிசெய்யப் பாகம் எங்கும் கிடைக்காது. அதனால் நூறு ரூபாய் சாமானானாலும் முதலில் விரலால் திருகிப் பாருங்கள். நாலைந்து சுற்று விரலாலேயே போக வேண்டும். மரை அளவி இல்லையென்றால் பழைய கிண்ணத்தையும் புதியதையும் மரையோடு மரை சேர்த்து வெளிச்சத்தில் பிடியுங்கள். இடையில் வெளிச்சக் கோடு தெரிந்தால் அது வேறு அளவு.

பெடல் அச்சுக் குழாயின் அகலத்தையும் அளந்து எழுதுங்கள். சாதாரணமாக 68 மி.மீ., ராலியில் 71 அல்லது 76. அகலம் மாறினால் அச்சின் நீளமும் மாறும். குட்டை அச்சைப் போட்டால் கிராங்க் ஃபிரேமில் உரசும்.

அச்சுகளின் தடிமன் முன்னால் 5/16 அங்குலம், பின்னால் 3/8 அங்குலம். இப்போது வரும் மெட்ரிக் அச்சின் கோன் (குண்டுகளை அணைத்துப் பிடிக்கும் கூம்பு வடிவ நட்டு) பழைய அச்சில் ஏறுவது போல ஏறி நடுவில் சிக்கும். கோன் வாங்கும்போது அச்சையும் கையோடு கொண்டுபோங்கள்.

சக்கரத்தில் ஏமாறுவது இதைவிட அதிகம். 28 அங்குலம் என்பது ஒரே அளவு இல்லை. நம் பெரிய சைக்கிளின் 28 × 1½ டயருக்கு ரிம் விட்டம் 635 மி.மீ. ஐரோப்பியக் கடைகளில் 28 என்று எழுதி விற்கும் டயர்களில் பெரும்பாலானவை 622 மி.மீ. வித்தியாசம் 13 மி.மீ. தான், ஆனால் டயர் ரிம்மில் ஏறவே ஏறாது. 26 அங்குலத்தில் குழப்பம் இன்னும் கூடுதல். 26 × 1⅜ என்றால் 590, 26 × 1½ என்றால் 584, இன்றைய மலைச் சைக்கிளின் 26 என்றால் 559. லேடீஸ் சைக்கிளுக்கு டயர் வாங்குகிறவர்கள் பழைய டயரின் ஓரத்தில் எழுதியிருப்பதை முழுதாகப் படம் எடுத்துக்கொண்டு போவது நல்லது.

ஸ்போக்ஸ் கம்பி முன் சக்கரத்தில் 32, பின் சக்கரத்தில் 40. இந்த 32-40 கணக்கு பழைய ஆங்கிலேய வழக்கம், இந்திய வண்டிகளும் அதையே பின்பற்றின. இரண்டிலும் 36 துளை இருந்தால் சக்கரம் பின்னாளில் மாற்றப்பட்டிருக்க வாய்ப்பு அதிகம். உடையாத ஒரு கம்பியை எடுத்து, வளைவின் உட்பக்கத்திலிருந்து மரை நுனி வரை அளந்து, முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனியாக எழுதுங்கள். இரண்டுக்கும் சேர்த்து 72 வேண்டும், 80 வாங்குங்கள். கோட்டம் எடுக்கும்போது, அதாவது சக்கரத்தின் நெளிவை நேராக்கும்போது, இரண்டு மூன்று நிப்பிள் தலை போவது வழக்கம். ஸ்டெயின்லெஸ் கம்பி பலமானதுதான். ஆனால் மங்கிய குரோம் ரிம்முக்கு நடுவே தனியாகப் பளபளக்கும்.

செயின் கேஸுக்கு மூன்று அளவு போதும்: பல் சக்கரத்தின் பற்கள், பெடல் அச்சின் நடுவிலிருந்து பின் அச்சின் நடு வரை தூரம், கேஸைத் தாங்கும் கிளிப்பின் இடம். 44 பல் சக்கரத்தின் விட்டம் சுமார் 178 மி.மீ., 48 பல்லுக்குச் சுமார் 194. 44 பல்லுக்குச் செய்த முழு கேஸில் 48 பல்லைத் திணித்தால் செயின் தகரத்தில் உரசிக்கொண்டே சுற்றும்.

சீட் கம்பியின் மேல் பகுதி, சீட் கிளிப் உட்காரும் இடம், 7/8 அங்குலம், அதாவது 22.2 மி.மீ. ஃபிரேமுக்குள் இறங்கும் பகுதியைக் காலிப்பரால் அளந்துகொள்ளுங்கள். ராலி ரோட்ஸ்டரில் அது 25.4.

எதை அந்தக் காலத்ததாகத் தேட வேண்டும், எதைப் புதிதாக வாங்கலாம்

எல்லாவற்றையும் பழையதாகவே போட வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பதில் அர்த்தமில்லை. பால்ரஸ் குண்டு, காட்டர் பின், பிரேக் கட்டை, டயர், டியூப், செயின், ஃப்ரீவீல் ஆகியவை அந்தக் காலத்திலேயே தேயத் தேய மாற்றப்பட்டவை. புதிதே போடுங்கள். பேட்ஜ், பல் சக்கரம், கிராங்க், ஃபோர்க், ஹேண்டில் பாரும் அதோடு சேர்ந்த ராட் பிரேக்கும், மட்கார்டு, செயின் கேஸ், சீட், பெல், விளக்கு ஆகியவைதான் வண்டியின் முகம். நேரத்தையும் பணத்தையும் இவற்றுக்கு ஒதுக்குங்கள்.

பால்ரஸ் குண்டுகளின் கணக்கு வழக்கமாக இப்படி: பெடல் அச்சில் ¼ அங்குலக் குண்டு பக்கத்துக்கு 11, பின் ஹப்பில் அதே ¼ அங்குலம் பக்கத்துக்கு 9, முன் ஹப்பில் 3/16 அங்குலம் பக்கத்துக்கு 10, ராலியின் ஹேண்டில் கப்பில் 5/32 அங்குலம் மேலும் கீழும் 25. எண்ணிக்கை ஐயமாக இருந்தால் கிண்ணம் நிறைய அடுக்கி ஒன்றை எடுத்துவிடுங்கள். பழைய குண்டு நாலு, புதுக் குண்டு ஏழு என்று கலக்கக் கூடாது. ஒரு நூலளவு பெரிய குண்டுகள் மட்டும் முழுப் பாரத்தையும் தாங்கிக் கிண்ணத்தில் தடம் போட்டுவிடும்.

காட்டர் பின் பெரும்பாலும் 9.5 மி.மீ. பலகாரம் மாதிரி மெத்தென்ற பின்களும் கடையில் உண்டு. அரத்தால் ஓர் இழுப்பு இழுத்துப் பாருங்கள், வெண்ணெய் போல வழிந்தால் வேண்டாம். பின்னின் சாய்வுப் பக்கத்தை அச்சின் வெட்டோடு முழுதாக ஒட்டும்படி அரத்தால் சீர்செய்து, இரண்டு கிராங்கிலும் பின்னை ஒன்றுக்கொன்று எதிர்த் திசையில் நுழைத்து, சுத்தியால் அடித்து உட்கார வையுங்கள். அதன்பிறகே நட்டு. நட்டை இறுக்கிப் பின்னை இழுத்துக்கொள்ளலாம் என்று பார்த்தால் மரைதான் கழலும். முப்பது கிலோமீட்டர் ஓட்டியபின் மறுபடி ஒரு தட்டு தட்டி நட்டை இறுக்குங்கள். ஒரு கிராங்க் நேராகவும் மற்றது சற்றே தள்ளியும் நின்றால், சாய்வு இரண்டு பின்னிலும் ஒரே அளவில் இல்லை என்று பொருள்.

செயினை 12 அங்குலத்துக்கு அளந்து பாருங்கள். 24 பின் இடைவெளி சரியாக 12 அங்குலம் இருக்க வேண்டும். 12⅛ வந்துவிட்டால் செயினோடு ஃப்ரீவீலையும் மாற்றுங்கள். பல் சக்கரத்தில் பழைய சின்னம் இருந்தால், பற்கள் கொஞ்சம் தேய்ந்திருந்தாலும் அதையே வைத்துக்கொள்ளலாம். கொக்கி மாதிரி வளைந்துவிட்டால்தான் வேறு தேட வேண்டும்.

எங்கே தேடுவது

தனித்தனியாகப் பாகம் வாங்குவதைவிட அதே கம்பெனியின் இன்னொரு உடைந்த வண்டியை முழுதாக வாங்குவது மலிவு. ஃபோர்க் வளைந்து, ரிம் அரித்து, ஓட்ட முடியாமல் கிடக்கும் வண்டியில்கூட மட்கார்டு கம்பி, பிரேக் நெம்புகோல், கிளிப், சீட் போல்ட் என்று கடையில் கிடைக்காத இருபது சாமான் தேறும். பழைய இரும்புக் கடைகளில் அது எடைக்குத்தான் போய்க்கொண்டிருக்கிறது. கடைக்காரரிடம் உங்கள் வண்டியின் பேட்ஜ், பல் சக்கரம் இரண்டின் படத்தையும் கொடுத்து வையுங்கள். ‘பழைய சைக்கிள்’ என்று பொதுவாகச் சொன்னால் போன வருடத்து ஹீரோவுக்கும் உங்களைக் கூப்பிடுவார்.

சின்ன ஊர்களில் முப்பது நாற்பது வருடமாக நடக்கும் சைக்கிள் கடைகள், முன்பு மணிக்கணக்கில் வாடகைக்குச் சைக்கிள் விட்ட கடைகள், இவற்றில்தான் மூடிய டப்பாவோடு பழைய சரக்கு இருக்கும். ஒரு நாளில் வாங்கிவிட முடியாது. முதல் தடவை ஒரு வால் டியூப் வாங்கிப் பேச்சுக் கொடுங்கள். ‘ஆன்டிக்’ என்ற சொல்லை எடுக்காதீர்கள், விலை அங்கேயே மூன்று மடங்காகும். பெரிய சந்தைகளில் சென்னை ரத்தன் பஜார், கொல்கத்தா பென்டிங் தெரு, டெல்லி ஜண்டேவாலான், பாகங்கள் செய்யப்படும் லூதியானா ஆகியவை பெயர் பெற்றவை. இங்கே கிடைப்பதில் பெரும்பகுதி இப்போது செய்தது. ராட் பிரேக் முழு செட், 635 ரிம், பிரேக் கட்டை எல்லாம் இன்னும் புதிதாக வருவதால்தான், வெளிநாட்டுக்காரர்களே தங்கள் பழைய வண்டிக்கு இந்தியப் பாகம் வாங்குகிறார்கள். நமக்கு அது வசதி. ஆனால் முலாம் மெலிது, தகரமும் மெலிது. பழைய நெம்புகோலைக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டுப் புதியதைத் தூக்கினால் எடையிலேயே வித்தியாசம் தெரியும்.

பால்காரர்களும் இளநீர்க்காரர்களும் பாரம் ஏற்றிய வண்டியாக இருந்தால் ஃபோர்க்கிலும் பின் கம்பிகளிலும் கூடுதல் முட்டுக் கம்பி வைத்து வெல்டிங் செய்திருப்பார்கள். அப்படிப்பட்ட வண்டியை உதிரிக்காக வாங்கலாம். அதன் ஃபோர்க்கை மட்டும் எடுக்காதீர்கள். வெல்டிங் பட்ட குழாய் பக்கத்திலேயே விரிசல் விடும், அது பெயிண்டுக்குள் ஒளிந்திருக்கும்.

இணையத்தில் வாங்குவதானால் இங்கிலாந்து, நெதர்லாந்து விற்பனையாளர்களிடம் சின்னச் சாமான்களை மட்டும் வாங்குங்கள்: பேட்ஜ், பெல், ஸ்டர்மி கியர் நெம்புகோல், விளக்குக் கண்ணாடி வளையம். மட்கார்டு, செயின் கேஸ் போன்றவை வழியில் நசுங்கும், கப்பல் செலவு சாமான் விலையைத் தாண்டும். விற்பவரிடம் அளவுகோலை வைத்து எடுத்த படம் கேளுங்கள். மரை எண்ணிக்கையையும் கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாதவரிடம் கிண்ணமோ அச்சோ வாங்க வேண்டாம்.

டப்பாவை வைத்து வயது சொல்வது

‘அந்தக் காலத்துப் புதுச் சரக்கு’ என்று சொல்லி விற்பதில் பாதி அந்தக் காலத்தது இல்லை. சாமானைவிட அது வந்த அட்டைப் பெட்டி அதிகம் பேசும். பெட்டியில் ஆறு இலக்க பின்கோடு இருந்தால் அது 1972 ஆகஸ்டுக்குப் பிந்தையது. அம்பத்தூர் முகவரி ‘மெட்ராஸ்-53’ என்று மட்டும் இருந்தால் முந்தையதாக இருக்கலாம். ஆனால் பின்கோடு வந்த பிறகும் சுருக்கமாக எழுதியவர்கள் உண்டு என்பதால் அதை உறுதியாகக் கொள்ள முடியாது. ‘தமிழ்நாடு’ என்று அச்சிட்டிருந்தால் 1969-க்கு முந்தையதாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. அதுவரை அரசுப் பெயர் மெட்ராஸ் மாநிலம். ‘சென்னை’ என்று ஆங்கிலத்தில் இருந்தால் 1996-க்குப் பிறகு. விலை அணாவில் எழுதியிருந்தால் 1957 ஏப்ரலுக்கு முன். ஐ.எஸ்.ஐ. முத்திரை குத்திய பாகத்தை 1952 வண்டிக்கு அசல் என்று யாராவது விற்றால் வேண்டாமென்று சொல்லிவிடுங்கள். அந்த முத்திரைத் திட்டம் நடைமுறைக்கு வந்ததே 1955-இல்.

சாமானிலும் சில அடையாளங்கள் உண்டு. பழைய ஹப்பிலும் பெடல் அச்சுக் குழாயிலும் எண்ணெய் விடத் துளையும், அதை மூட ஸ்பிரிங் வளையமோ சின்ன மூடியோ இருக்கும். குரோம் முலாம் பரவலானது 1930-களில். அதற்கு முந்தைய வண்டியில் நிக்கல், சற்றே மஞ்சள் சாயலோடு மங்கலாக மின்னும். 1920-களின் வண்டிக்குப் பளீரென்ற குரோம் ஹேண்டிலைப் போட்டால் பொருந்தாது.

சீட், பெல், விளக்கு

புரூக்ஸ் தோல் சீட் என்றால் பின்புறத் தகட்டில் பெயரும் மாடல் எண்ணும் இருக்கும். பி66-இல் பின்னால் இரண்டு சுருள் ஸ்பிரிங், பி72-இல் சுருளுக்குப் பதில் வளைந்த கம்பி, பி33-இல் முன்னாலும் ஸ்பிரிங். வீட்டு சைக்கிளின் சீட்டில் தோல் போய், இரும்புச் சட்டம் மட்டும் மிஞ்சியிருந்தால் சட்டத்தை எறியாதீர்கள். தோலைப் புதிதாக வெட்டி, ஊறவைத்து, சீட் வடிவ அச்சில் இழுத்து, செப்பு ரிவெட் அடித்துத் தருகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தச் சட்டம்தான் கிடைக்காது. தோல் நன்றாக இருந்தால் ரிவெட் துளையைச் சுற்றி விரிசல் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். அங்கே விட்டிருந்தால் எண்ணெய் போட்டும் மீளாது. என்ஜின் ஆயில் வேண்டவே வேண்டாம், தோல் தளர்ந்து தொட்டில் மாதிரி தொங்கிவிடும். முன் மூக்கில் இருக்கும் இழுவை போல்ட்டை ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் திருப்பாதீர்கள்.

ஆங்கிலேய வண்டிகளில் லூகாஸின் ‘கிங் ஆஃப் தி ரோட்’ பெல்லும் விளக்கும் அதிகம். மூடி பழையதாக இருந்து உள்ளே இருக்கும் பல் சக்கரம் தேய்ந்திருந்தால், புது இந்திய பெல்லின் உள் இயந்திரத்தை மாற்றிப் பாருங்கள், சிலவற்றுக்குப் பொருந்தும். லூகாஸ், மில்லர் டைனமோக்கள் பொதுவாக 6 வோல்ட், 3 வாட். டைனமோ சுற்றியும் விளக்கு எரியாவிட்டால் டைனமோவைச் சந்தேகிக்கும் முன் கிளிப்பின் கூர் முனை பெயிண்டைக் குத்தி ஃபிரேமின் இரும்பைத் தொடுகிறதா என்று பாருங்கள். மின்சாரம் திரும்பும் வழி அந்த ஃபிரேம்தான். புதுப் பெயிண்ட் அடித்த வண்டிகளில் பத்துக்கு எட்டு இதே கோளாறு.

பிரேக் பூட்டும்போது

ராட் பிரேக் கட்டை ரிம்மின் பக்கவாட்டைப் பிடிக்காது, உட்புறத்தைப் பிடிக்கும். அதற்கென்றே வளைத்த வெஸ்ட்வுட் ரிம் வேண்டும். காலிப்பர் பிரேக் ரிம்மை மாட்டினால் கட்டைக்கு உட்கார இடமே இருக்காது. கட்டையைத் தாங்கும் உறையின் ஒரு முனை மூடியிருக்கும். சக்கரம் ஓடும்போது ரிம் எந்தத் திசையில் கட்டையை இழுக்கிறதோ அந்தப் பக்கம் மூடிய முனை இருக்க வேண்டும். திருப்பி மாட்டினால் முதல் இறக்கத்தில் கட்டை உறையிலிருந்து நழுவிப் போகும், பிடிக்க ஒன்றும் மிஞ்சாது. இடைவெளி இரண்டு மூன்று மி.மீ. இருக்கட்டும். சக்கரத்தின் கோட்டம் எடுக்காமல் இந்த இடைவெளியை வைக்க முடியாது. ஆகவே முதலில் வீல், அப்புறம் பிரேக்.

துருவும் பெயிண்டும்

பெயிண்ட் பெரும்பகுதி மிஞ்சியிருந்தால் அதையே காப்பாற்றுங்கள். ஆக்ஸாலிக் அமிலம் லிட்டருக்கு 20 முதல் 30 கிராம் கரைத்த தண்ணீரில் பாகத்தை ஒரு நாள் ஊறவைத்தால், பெயிண்ட் பெரும்பாலும் அப்படியே இருக்கத் துரு மட்டும் கரையும். முதலில் ஒரு சின்னத் துண்டில் செய்து பாருங்கள். கையுறை கட்டாயம், அது விஷம். எடுத்தவுடன் சமையல் சோடா கரைத்த தண்ணீரில் கழுவி, உடனே துடைத்து எண்ணெய் பூசுங்கள், இல்லையென்றால் அரைமணியில் மஞ்சள் பூக்கும். தோல், அலுமினியம், பித்தளை பேட்ஜ் எதையும் அதில் போடாதீர்கள். குரோமில் புள்ளித் துரு என்றால் அலுமினியத் தாளைச் சுருட்டித் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தாலே போகும்.

முழுதாகப் பெயிண்ட் அடித்தே தீர வேண்டும் என்றால், சுரண்டும் முன் ஃபிரேமின் மேல் ஒட்டுப் படங்களையும் தங்கக் கோடுகளையும் அளவுகோல் வைத்துப் படம் எடுத்து, டிரேசிங் தாளில் வரைந்துகொள்ளுங்கள். பேட்ஜின் ரிவெட்டை உள்ளிருந்து தட்டிக் கழற்றுங்கள், வெளியிலிருந்து நெம்பினால் தகடு கிழியும். கறுப்பு எனாமல், அது காய்ந்தபின் தங்கக் கோடு, பிறகு ஒட்டுப் படம், கடைசியில் வார்னிஷ் என்பதே வரிசை. கார் பட்டறைகளில் அடிக்கும் இரண்டு பொருள் கலந்த லாக்கர் சில ஒட்டுப் படங்களைச் சுருக்கிவிடும். ஓர் உதிரிப் படத்தைத் தகரத்தில் ஒட்டி அடித்துப் பார்த்த பிறகே ஃபிரேமில் கை வையுங்கள். பின் மட்கார்டின் அடியில் இருக்கும் வெள்ளைப் பட்டையையும் கறுப்பாக்கிவிடாதீர்கள். அது அழுக்கு மறைக்க யாரோ அடித்தது இல்லை, இரவில் பின்னால் வருகிறவருக்கு வண்டி தெரிவதற்காகக் கம்பெனியே விட்டது. அதை விட்டுவைத்து அளவெடுத்துக்கொண்டு போகச் சொல்லிப் பெயிண்டரிடம் முதலிலேயே பேசிவிடுங்கள். வண்டியைக் கொடுத்துவிட்டு வந்தால் மறுநாள் முழுக் கறுப்பாகத்தான் திரும்பி வரும்.